வாசகர் கேள்விகள்: யாருக்காக வரைந்த படம்?

பல்கலைக்கழகச் சேகரிப்பொன்றின் பழைய வரைபடங்களை டர்பனில் காட்சிக்கு வைத்திருப்பதைப் பார்த்துவந்த வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளில் நான்கை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கண்காட்சி அறையில் விளக்குகளை ஏன் இவ்வளவு மங்கலாக வைத்திருக்கிறார்கள்? எழுத்துகளைப் படிக்கவே சிரமமாக இருக்கிறது. (வாசகர், டோங்காட்)

காகிதமும் அதன்மேல் கையால் தீட்டிய வண்ணங்களும் ஒளி பட்டால் கெடும். கெட்டதை மீட்க வழியில்லை. ஆகையால் இத்தகைய பொருள்களுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளியளவின் அலகு) ஒளி போதும் என்பது காப்பகங்களின் பொது வழக்கம். உள்ளே சென்றதும் சில நிமிடங்கள் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு பாருங்கள்.

பதினாறாம் நூற்றாண்டு ஆப்பிரிக்கப் படத்தில் யானையும் ஒற்றைக்கண் மனிதனும் இருக்க, அதற்கு இருநூறு ஆண்டுகள் பின்னால் வந்த படத்தில் உள்நாடு வெறுமையாகக் கிடக்கிறதே, ஏன்? (மாணவி, பீனிக்ஸ்)

ஜெர்மன் புவியியலாளர் செபாஸ்டியன் மூன்ஸ்டர் 1540இல் தம் ஆப்பிரிக்கப் படத்தை வெளியிட்டபோது, பண்டைய கிரேக்க அறிஞர் தாலமியின் நூலும் போர்ச்சுகீசியக் கடலோடிகள் கொண்டுவந்த செய்திகளுமே அவருக்குப் பெருந்துணையாக இருந்தன. பார்த்தலோமியூ டயஸ் 1488இலேயே தென்முனையைச் சுற்றி வந்துவிட்டதாலும், வாஸ்கோ ட காமா 1497இன் இறுதியில் டர்பன் அமைந்த நம் நேட்டால் கரையோரமாகவே சென்றதாலும், கடற்கரை ஓரளவு தெரிந்திருந்தது. உள்நாடு தெரியாததால் அவ்விடத்தைக் கேள்விப்பட்ட கதைகளால் நிரப்பினார். பிரெஞ்சுப் புவியியலாளர் ட'ஆன்வில் 1749இல் வெளியிட்ட படத்திலோ, சான்றில்லாத பலவற்றை நீக்கி, அந்த இடங்களை வெறுமையாகவே விட்டார். எனக்கு அந்த வெறுமையின்மேல் பெரும் மதிப்பு உண்டு. தெரியாததைத் தெரியாது என்று அச்சில் ஒப்புக்கொள்வது அந்தத் தொழிலில் எளிதாக இருக்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயப் புவியியலாளர் ஜேம்ஸ் ரென்னலே 1798இல் மேற்கு ஆப்பிரிக்காவில் இல்லாத கோங் மலைத்தொடரை வரைந்துவிட, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மற்றவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். படம் வெறுமையாக இருந்த இடத்தில் மக்கள் வாழ்ந்தார்கள், அரசுகள் நடந்தன. 1884–85இல் ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடியபோது மண்டபத்தில் ஆப்பிரிக்காவின் பெரிய படமொன்று தொங்கியது. மேசையைச் சுற்றி ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை.

எங்கள் குடும்பம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டது. அழகிய பழம்படங்களுக்கு அடுத்த அறையில், நகரை இனவாரியாகப் பிரித்து வண்ணம் தீட்டிய படத்தையும் மாட்டியிருக்கிறார்கள். என் அம்மா அதைப் பார்க்க மறுத்து வெளியே போய்விட்டார். அதையும் காட்சிக்கு வைக்கத்தான் வேண்டுமா? (வாசகி, சாட்ஸ்வர்த்)

வைக்கத்தான் வேண்டும், அம்மா. தங்கள் தாயார் பார்க்க மறுத்ததும் முற்றிலும் நியாயமே. அந்தப் படம் என்ன செய்தது என்பதை அவருக்கு எந்தக் கண்காட்சியும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்ற அறைகளில் உள்ள படங்கள், இருக்கும் நிலத்தை எப்படியோ காட்ட முயன்றவை. இந்தப் படம் இனி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 1950இல், ஒவ்வோர் இனமும் வாழத் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கிய குரூப் ஏரியாஸ் சட்டம் வந்ததும், டர்பன் நகராட்சியின் துணைக்குழு ஆறுகளையும் மலைமுகடுகளையும் இனங்களுக்கிடையே தடுப்புகளாகக் கொண்டு நகரைக் கூறுபோடும் திட்டத்தை வகுத்தது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து, ஒப்பந்தம் முடிந்த நம் முன்னோர் காய்கறித் தோட்டமிட்டு, நிலம் வாங்கி, கடையும் பள்ளியும் கோயிலும் எழுப்பிய கேட்டோ மேனர், 1958இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்கள் குவாமஷு முதலிய இடங்களுக்கும், நம்மவருள் பலர் 1960களில் சாட்ஸ்வர்த்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு அந்த நிலத்தின் பெரும்பகுதி பல்லாண்டுகள் புல் முளைத்துக் கிடக்க, பெல்லேர் சாலை அம்பலவாணர் ஆலயத்தைப் போன்ற கோயில்கள்தாம் அங்கே நின்றன. 1991இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

தூய வண்ணமும் நேர்த்தியான எழுத்தும் கொண்ட ஒரு தாள், அறைக்குள் உட்கார்ந்து வரையப்பட்டு, ஆயிரமாயிரம் குடும்பங்களைப் பெயர்த்தது என்பதை இளையவர்கள் கண்ணால் காண வேண்டும். எனினும் அதைத் தனியாக மாட்டியதை நான் ஏற்கவில்லை. அந்தப் படத்தில் ஒரு கடையின் பெயர் இல்லை, ஒரு பள்ளி இல்லை, தெருவில் வாழ்ந்தவர் ஒருவரும் இல்லை. வெளியேற்றத்துக்கு முந்தைய தெருப்படத்தையும், அங்கே வாழ்ந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த படங்களையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். தங்கள் தாயாருக்கு விருப்பமிருந்தால், அவர் வாழ்ந்த தெருவை அவர் கையாலேயே வரைந்து, இன்னார் வீடு, இன்னது கிணறு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் படியொன்றைச் சேகரிப்பில் சேர்க்கும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

என் கொள்ளுத்தாத்தாவின் ஊரைப் பழைய சென்னை மாகாணப் படத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், மவுண்ட் எட்ஜ்கோம்ப்)

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 152,184 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கப்பல் பதிவேடுகள் உண்டு. ஒப்பந்த எண், தந்தை பெயர், வயது, சாதி ஆகியவற்றோடு மாவட்டம், தாலுக்கா, ஊர் ஆகிய மூன்றும் பெரும்பாலும் அதில் பதிவாகியிருக்கும். ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள் என்பதால் அதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் தாலுக்காவைப் பிடியுங்கள். பிறகு அதற்குள் ஒலி ஒத்த ஊர்களைப் பாருங்கள். மாவட்டம் வட ஆற்காடு என்றிருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் தேடினால் போதாது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வட ஆற்காட்டின் சில தாலுக்காக்கள் அதில் சேர்ந்ததால், தங்கள் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கவும் கூடும். ஆகவே 1911க்கு முந்தைய மாவட்டப் படத்தையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.