பி.எஸ்.எச்.இ. வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகளில் பி.எஸ்.எச்.இ. (தனிமனித, சமூக, உடல்நல, பொருளாதாரக் கல்வி) என்று ஒரு வகுப்பு நடக்கிறதே, அதில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? பிடிக்காவிட்டால் பிள்ளையை அனுப்பாமல் இருக்கலாமா?

நான் இங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியை. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் நம்மூர்ப் பெற்றோர் இதே கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்பில் வரும் உறவுகள் பற்றிய கல்வியும் உடல்நலக் கல்வியும் 2020 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டாயம். அவற்றிலிருந்து பிள்ளையை விலக்க முடியாது. பாலியல் கல்வி தொடக்கப் பள்ளியில் கட்டாயமில்லை. பள்ளி அதை நடத்தினால், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். தலைமையாசிரியர் மறுக்க முடியாது. ஆனால் அறிவியல் பாடத்துக்குள் வருவதை யாரும் தவிர்க்க முடியாது. பருவமடைதலும் மாதவிடாயும் உடல்நலக் கல்வியில் சேர்ந்தவை. அவற்றை விலக்க நினைக்கவும் வேண்டாம். தொடக்கப் பள்ளி முடிவதற்குள்ளேயே வயசுக்கு வரும் பெண் பிள்ளைகள் உண்டு. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பள்ளிக் கழிப்பறையில் உட்கார்ந்து அழ வேண்டுமா?

மற்றபடி பல் துலக்குவது, தூக்கம், சண்டை போட்ட தோழியோடு மறுபடி பேசுவது, அவசர உதவிக்கு 999-ஐ அழைத்தால் என்ன சொல்வது, இப்படித்தான் போகும்.

எனக்குப் பிடித்தது ரகசியத்தைப் பற்றிய பாடம். அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசைச் சொல்லாமல் வைத்திருப்பது சர்ப்ரைஸ்; அது ஒரு நாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 'யாரிடமும் எப்போதும் சொல்லாதே' என்று ஒரு பெரியவர் சொல்வது வேறு. அதை வைத்திருக்கக் கூடாது, நம்பும் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை ஒரு பையன் கை தூக்கினான்: "அப்பா கடைசித் துண்டு கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்லாதே என்றார். அது எது?" வகுப்பு முழுக்க அரை மணி நேரம் விவாதித்தது. அப்பா தோற்றுப்போனார்.

இதே விஷயத்தில் முதல் வருடம் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒரு மாணவன் பையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "மிஸ், நான் சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?" என்ற அர்த்தத்தில் கேட்டான். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவன் சொன்னது மூடிவைக்கிற விஷயமில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன். சொன்னது சரிதான். ஆனால் இரண்டு வாரம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: "நீ பத்திரமாக இருப்பதற்காகத் தேவைப்பட்டால் இன்னொருவரிடம் சொல்வேன். யாரிடம் என்பதை முதலில் உன்னிடம் சொல்வேன்."

அப்புறம், நம் பெற்றோர் அதிகம் நெளிவது உடல் உறுப்புகளின் பெயர்களுக்கு. என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு 'பேன்ட்ஸ்' விதி என்று ஒன்றைப் பரப்புகிறது. பேன்ட்ஸ் என்றால் இங்கே உள்ளாடை. உள்ளாடை மறைக்கும் இடம் உன்னுடையது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது அதன் சாரம். அதற்கென்று ஒரு டைனோசர்கூட இருக்கிறது. பெயர் தெரியாத குழந்தை 'அங்க வலிக்குது' என்றால், எங்கே என்று கேட்பவருக்குப் புரியாது. வகுப்பில் 'பீனிஸ்', 'வல்வா' என்று முப்பது பிள்ளைகள் முன்னால் கூசாமல் சொல்கிறேன். வீட்டில் ஐந்து வயது மகளைக் குளிப்பாட்டும்போது என் வாயில் வந்தது "அங்க நல்லா கழுவு" என்பதுதான். அவள் "எங்கம்மா?" என்றாள். ஆண்குறி, பெண்குறி எல்லாம் நமக்குப் புத்தகத்தில் படித்த சொற்கள். வீட்டில் புழங்கியதே இல்லை.

ஆகவே விலக்குவதற்குப் பதில், இந்தக் கல்விப் பருவத்தில் என்ன நடத்தப்போகிறார்கள் என்று பள்ளியில் கேளுங்கள், பாடப் பொருளைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை அங்கே ஆங்கிலத்தில் கேட்கும் முன் வீட்டில் ஒருமுறை தமிழில் கேட்டுவிடட்டும். நானும் மகளிடம் சொல்லிவிட்டேன். முதல் தடவை அவளைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.