வீட்டில் தைத்த கவுன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

ஏற்காட்டில் வசிக்கிறோம். மகளுக்கு ஒன்றரை வயது. மாமியாரின் பழைய மெஷினில் அவளுக்கு நானே கவுன் தைத்துப் போடுகிறேன். பார்க்க அழகாக இருந்தாலும் கழுத்து தலையில் நுழைவதில்லை. எப்படியோ போட்டுவிட்டாலும் அக்குள் சிவந்துவிடுகிறது. சேலத்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்போது உனக்கு எதற்கு இந்தப் பாடு என்று வீட்டில் கேட்கிறார்கள். பொங்கலுக்குப் பட்டுப் பாவாடையும் தைக்க ஆசை. தொடரலாமா?

– ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள வாசகிக்கு,

தொடருங்கள். ஆனால் பணம் மிச்சமாகும் என்று எண்ணித் தொடர வேண்டாம். துணி, நூல், உங்கள் உழைப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கடைச் சட்டைதான் மலிவு என்று உங்கள் வீட்டார் சொல்வது சரியே. கடையில் தொங்கும் சட்டை, வாங்குகிறவரின் கண்ணைக் கவர்வதற்காகத் தைக்கப்படுவது. அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவளின் தோலையும் அசைவையும் நினைத்துத் தைக்க உங்களால் முடியும். அப்படித் தைக்காவிட்டால் வீட்டுத் தையலுக்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை.

முதலில் கழுத்து. ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 46 செ.மீ. அளவில் இருக்கும், மார்புச் சுற்றளவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பெரியவர்களின் அளவைச் சுருக்கி வெட்டிய கழுத்து இந்தத் தலைக்கு ஒருபோதும் போதாது. அதற்காகக் கழுத்தை அகலமாக வெட்டினால் தோளிலிருந்து நழுவும். முதுகின் நடுவில் பாதி வரை திறப்பு விட்டு, பிரஸ் பட்டன் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பட்டனையும் பலமாக இழுத்துப் பார்த்த பிறகே போட்டுவிட வேண்டும், ஏனெனில் கழன்ற பட்டன் நேராக வாய்க்குத்தான் போகும். கழுத்தில் நாடா வைக்கவே வைக்காதீர்கள். ஊஞ்சலிலோ சறுக்குமரத்திலோ சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும்.

கழுத்து ஓரத்துக்குத் துணியை மூலைவாட்டில் 3 செ.மீ. அகலப் பட்டியாக வெட்டிக்கொள்ளுங்கள். மூலைவாட்டுத் துணி இழுத்தால் நீளும், ஆகவே வளைவில் சுருங்காமல் படியும். வழக்கமாகப் பட்டியை வெளிப்புறம் வைத்துத் தைத்து உள்ளே மடிப்போம். குழந்தைக்கு நான் மாற்றிச் செய்வேன்: பட்டியின் நல்ல பக்கத்தைச் சட்டையின் உட்புறத்தோடு சேர்த்துத் தைத்து, வளைவில் சிறு சிறு வெட்டுகள் கொடுத்து, வெளியே மடித்து ஓரம் அடித்துவிடுவேன். பிசிறு முழுவதும் வெளிப்பட்டிக்குள் அடங்கிவிடும், கழுத்தில் படும் பக்கம் வழவழப்பாக இருக்கும். வேறு நிறப் பட்டி வைத்தால் அதுவே அலங்காரமும் ஆகிவிடும்.

அக்குள் சிவப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கைக்குழி இறுக்கமாக இருந்தால் அதை 1 செ.மீ. ஆழமாக வெட்டுங்கள். இன்னொன்று உள்தையல்: பிசிறுகூட உறுத்தும், பிசிறு பிரியாமலிருக்க ஓரத்தில் ஓவர்லாக் அடித்த நூலும் மெல்லிய தோலை அறுக்கும். ஆகவே இணைக்க வேண்டிய இரண்டு துண்டுகளின் உள்புறங்களும் ஒன்றையொன்று தொடும்படி வைத்து ஒரு தையல் போட்டு, ஓரத்தை 3 மி.மீ. விட்டு வெட்டி, திருப்பி, அந்தப் பிசிறு உள்ளே மறையும்படி இன்னொரு தையல் போடுங்கள். மல், வாயில் போன்ற மெல்லிய துணிகளுக்கு இதைவிட நல்ல தையல் இல்லை. புதுத் துணியை வெட்டுவதற்கு முன் இரவு முழுவதும் ஊறவைத்து அலசிக் காயப்போடுங்கள். கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். வீட்டில் தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டி இருந்தால் புதுத் துணியே வேண்டாம் என்பேன். பல வருடம் துவைத்த பருத்தியின் மென்மை எந்தக் கடையிலும் கிடைக்காது.

நீங்கள் இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். காலையில் குளிரில் கிளம்பிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால், சேலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது குழந்தைக்கு வியர்த்துக் கொட்டும். ஒரே தடித்த சட்டையைவிட, உள்ளே கையில்லாத மல் கவுனும் மேலே முன்புறம் திறக்கும் கைவைத்த சட்டையும் தைப்பதே நல்லது. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் மேல்சட்டையைக் கழற்றிவிடலாம். மேல்சட்டைக்குப் பிளானல் எடுத்தால் விளக்கு, அடுப்புப் பக்கம் கவனமாக இருங்கள். அதன் மேலுள்ள பஞ்சிழையில் தீ சட்டென்று பரவும்.

பட்டுப் பாவாடைக்கு வருகிறேன். இந்த வயதில் வயிறு முன்தள்ளியிருக்கும், இடுப்பு என்று ஒன்று இருக்காது. நாடா கட்டினால் நழுவும், இறுக்கினால் தடம் பதியும். ஆகவே பாடி, அதாவது தோளில் தாங்கும் கையில்லாத மேல்பகுதி, வைத்துப் பாவாடையை அதோடு சேர்த்துத் தையுங்கள். பாடி மல் துணியிலேயே இருக்கட்டும், மேலே போடும் சட்டை அதை மறைத்துவிடும். சரிகை காலில் கீறாதபடி உள்ளே பருத்தி லைனிங் கொடுங்கள். இரண்டாம் வயதில் குழந்தைகள் 10 முதல் 12 செ.மீ. வரை வளர்கிறார்கள், அந்த அளவுக்கு உடல் அகலம் கூடுவதில்லை. கரைக்கு மேலே இரண்டு டக் (துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்து வைத்தால் அடுத்த பொங்கலுக்கு ஒன்றைப் பிரித்து இறக்கிவிடலாம். அதனால் துணி எடுக்கும்போது சிறிய கரையாகவே பாருங்கள், பெரிய கரையில் டக் பிடிக்க இடம் இருக்காது. பொங்கலன்று படம் எடுத்து முடித்ததும் மாற்றிவிட ஒரு மல் கவுனையும் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.