திவால் மனுவில் மருத்துவச் செலவு: எந்த பில் எந்தப் பக்கம்?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். சின்னவனுக்கு வாரம் இருமுறை ஸ்பீச் தெரபி, எனக்குச் சர்க்கரை. ஆஸ்பத்திரி பாக்கியும் கிரெடிட் கார்டும் கழுத்தை நெரிப்பதால், கடனைத் தள்ளுபடி செய்யும் அமெரிக்க திவால் மனுவான சாப்டர் 7 போடப் போகிறோம். மருத்துவச் செலவுக்கு ஆதாரம் கேட்கிறார் வக்கீல். ஒரு பெட்டி நிறைய பில் கிடக்கிறது. எதைக் கொடுப்பது?

பதில்: முதலில் பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள். இன்னும் கட்டாத பில்கள் ஒரு பக்கம், உங்கள் கையிலிருந்து போன பணத்துக்கான ரசீதுகள் மறுபக்கம். பாக்கி என்பது கடன்; அது மனுவில் அடமானமில்லாத கடன்களின் பட்டியலான ஷெட்யூல் ஈ/எஃப்-இல் வரும். மாதாமாதம் தொடரும் செலவு, மாதச் செலவுப் பட்டியலான ஷெட்யூல் ஜே-யின் 11ஆம் வரிக்குப் போகும். இரண்டும் கலந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பழைய ஆபரேஷன் பாக்கிக்கு மாதம் 150 டாலர் தவணை கட்டுகிறீர்கள் என்றால், அதை மருத்துவச் செலவாகக் காட்டக் கூடாது. அந்தக் கடனே தள்ளுபடியாகப் போகிறது.

கட்டிய பணத்துக்கு 12 மாதக் கணக்கு எடுங்கள். மூன்று மாதம் போதாது. பெரும்பாலான இன்சூரன்ஸில் ஜனவரியில் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) புதிதாகத் தொடங்குவதால் வருட ஆரம்பத்தில் செலவு எகிறும், பிறகு இறங்கும். இன்சூரன்ஸ் இணையதளத்தில் க்ளெயிம் பட்டியலையும், மருந்துக்கடையில் ஒரு வருட பிரிண்ட்-அவுட்டையும் வாங்குங்கள். அதில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் வங்கி அல்லது கார்டு ஸ்டேட்மென்டில் பணம் போன வரியைக் கண்டுபிடித்துக் குறியுங்கள். இன்சூரன்ஸ் அனுப்பும் ‘இது பில் அல்ல’ என்று அச்சிட்ட தாள் மட்டும் இருந்தால், நீங்கள் பணம் கட்டியதாக ஆகாது. எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு)-விலிருந்து போனதையும், இன்சூரன்ஸ் திருப்பித் தந்ததையும் கழித்துவிடுங்கள்.

வாரச் செலவை நான்கால் பெருக்கி மாதக் கணக்கு போடுகிறவர்கள் நிறையப் பேர். தெரபிக்குத் தடவைக்கு 40 டாலர் என்றால் 40 × 2 × 52 ÷ 12, அதாவது மாதம் சுமார் 347 டாலர். நான்கால் பெருக்கினால் 320தான் வரும்; மாதம் 27 டாலரை நீங்களே விட்டுவிடுகிறீர்கள்.

மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாத வருமானத்தின் சராசரியை ஆண்டுக் கணக்காக்கிப் பார்ப்பார்கள். அது உங்கள் மாநிலத்தில் நால்வர் குடும்பத்தின் மீடியன் (நடுமட்ட) வருமானத்தைத் தாண்டினால், சாப்டர் 7-க்குத் தகுதி உண்டா என்று கணக்கிடும் ஃபார்ம் 122ஏ-2 நிரப்ப வேண்டும். அதன் 7ஆம் வரியில் மருத்துவச் செலவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரித்துறையான ஐஆர்எஸ் நிர்ணயித்த தொகை வரும். 65 வயதுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. அதற்கு ரசீது தேவையில்லை. உங்கள் உண்மைச் செலவு அதைத் தாண்டினால், தாண்டிய பகுதியை மட்டும் 22ஆம் வரியில் எழுதலாம். உதாரணமாக நால்வருக்கும் சேர்த்து 7ஆம் வரி 330 டாலர், உண்மைச் செலவு 620 என்றால், 22இல் 290. முழு 620-ஐயும் அங்கே எழுதினால் ஒரே செலவு இருமுறை ஏறிவிடும். ரசீதெல்லாம் இந்த 290-ஐக் காப்பாற்றத்தான். இன்சூரன்ஸ் பிரீமியமும் எச்எஸ்ஏ-வில் போடுவதும் 25ஆம் வரியில் மட்டும்.

கேள்வி: மதுரையில் அம்மாவுக்கு டயாலிசிஸ். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அதைக் காட்டலாமா? மாமனாருக்கும் அனுப்புகிறோம்.

பதில்: காட்டலாம், 122ஏ-2-இன் 26ஆம் வரி. முதியவர், நீண்டகால நோயாளி அல்லது மாற்றுத்திறனாளி, அவரால் செலவைத் தாங்க முடியாது, நீங்கள் தொடர்ந்து கட்டுவீர்கள்: இவற்றை நிரூபிக்க வேண்டும். சட்டம் பெற்றோரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மாமனார் விஷயம் வேறு. மனைவியும் சேர்ந்து மனு போட்டால் அவர் ஒரு மனுதாரரின் தந்தை. நீங்கள் மட்டும் போட்டால் அந்தப் பட்டியலில் நேராக வரமாட்டார். வக்கீலிடம் முன்பே பேசுங்கள்.

நோய், வாரத்துக்கு எத்தனை டயாலிசிஸ், மாதச் செலவு ஆகியவற்றை ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். அம்மாவின் பென்ஷன் வரவைக் காட்டும் பாஸ்புக் பக்கமும் வேண்டும். பணம் அனுப்பிய சேவையின் ஒரு வருடப் பட்டியலை இறக்கி, டாலரில் எவ்வளவு போனது என்று காட்டுங்கள். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய பணத்துக்கு ஆதாரம் கிடைப்பது கடினம்; இன்றிலிருந்தாவது வங்கி வழியாக அனுப்புங்கள். மருந்துக்கடை தெர்மல் தாள் பில் சில மாதங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். அண்ணனோ தங்கையோ வாங்கிய அன்றே போட்டோ எடுத்து அனுப்பட்டும். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

கேள்வி: ஒரே ஆபரேஷன், ஆனால் ஐந்து பில். எல்லாவற்றையும் எழுத வேண்டுமா? மச்சானிடம் வாங்கிய 4,000 டாலரை முதலில் திருப்பித் தந்துவிடலாமா?

பதில்: ஐந்தையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரி, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், லேப், ஆம்புலன்ஸ் தனித்தனிக் கடன்காரர்கள். பில் வசூல் கம்பெனிக்குப் போயிருந்தால் அதன் பெயரும் முகவரியும் சேர வேண்டும். பழக்கமான குடும்ப டாக்டர் என்பதற்காக அவர் பாக்கியை மறைக்க முடியாது. மனுவில் பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற வாசகத்துக்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறீர்கள். தள்ளுபடியான பிறகு விருப்பப்பட்டு அவருக்குக் கட்டுவதை யாரும் தடுக்கவில்லை.

மச்சானுக்கு இப்போது தராதீர்கள். மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்தில் உறவினருக்குக் கொடுத்ததை மனுவிலேயே கேட்கிறார்கள். ட்ரஸ்டி (உங்கள் திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படுபவர்) அவரிடமே அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நல்ல எண்ணத்தில் கொடுத்த பணம் அவருக்கு வழக்காக முடியும்.

கேள்வி: அடுத்த மாதம் மனைவிக்கு ஆபரேஷன். அதற்கு முன் மனு போடலாமா?

பதில்: பில் தேதி அல்ல, சிகிச்சை நடந்த தேதிதான் கணக்கு. மனுவுக்குப் பிறகு நடக்கும் சிகிச்சையின் கடன் உங்கள் தலையிலேயே நிற்கும். சாப்டர் 7-இல் தள்ளுபடி பெற்றவர் மறுபடி சாப்டர் 7 தள்ளுபடி பெற, முதல் மனு நாளிலிருந்து எட்டு வருடம் காத்திருக்க வேண்டும். வீட்டு ஜப்தியோ சம்பளப் பிடித்தமோ நெருக்காவிட்டால் ஆபரேஷன் முடியும்வரை பொறுப்பதே நல்லது.

கேள்வி: பிள்ளையின் நோய் விவரம் எல்லோர் கண்ணிலும் படுமா?

பதில்: கோர்ட்டில் தாக்கலாவதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அதனால் மருத்துவ ரிப்போர்ட்டை மனுவோடு இணைக்காதீர்கள். தொகைகள் மட்டும் மனுவில் இருக்கட்டும். ரசீதையும் டாக்டர் கடிதத்தையும் ட்ரஸ்டி கேட்டால் வக்கீல் மூலம் நேரடியாகக் கொடுங்கள். தாக்கல் செய்தே ஆக வேண்டிய தாளில் பிள்ளையின் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள், பிறந்த வருடம் மட்டும், சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும். கறுப்பு மையால் அடித்த தாளை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் அடித்ததையே நகலெடுத்து அந்த நகலைக் கொடுங்கள்.