புகைபிடிப்பவரின் நுரையீரலுக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன தொடர்பு?

புகைபிடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம். காரணம் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது கணையம் இன்சுலினைச் சுரந்தும் தசையும் கல்லீரலும் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை. புகை நுரையீரலில் கிளப்பும் அழற்சி அங்கேயே நிற்பதில்லை. அதன் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகின்றன. கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் காலிங் பெல் கேட்காது அல்லவா, அப்படித்தான் இன்சுலினின் அழைப்பு செல்களுக்கு எட்டாமல் போகிறது. நிகோட்டினும் தன் பங்குக்கு இதைக் கூட்டுகிறது.

குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் மூச்சுத்திறன் குறைவு என்று வந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையையும் பார்த்துவிடுங்கள்: 5.7 முதல் 6.4 சதவீதம் வரை எல்லைக்கோடு, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

“சிகரெட்டை விட்டால் எடை ஏறி சர்க்கரை வந்துவிடும்” என்பது பாதிதான் உண்மை. சில கிலோ ஏறலாம், ஆபத்தும் கொஞ்ச காலம் கூடலாம், ஆனால் ஆண்டுகள் போகப் போக அந்த ஆபத்து இறங்கிவிடுகிறது.