சலுகையும் பிடியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உக்ரைன், மால்டோவா, ஜார்ஜியா, ஆர்மீனியா ஆகிய நாடுகளைத் தம் பக்கம் இழுக்க ரஷ்யாவும் ஐரோப்பிய ஒன்றியமும் நடத்திய வணிகப் போட்டி அந்த நாடுகளை வதைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சரக்குக்கு இரண்டு பேர் போட்டியிட்டால் விற்பவருக்கு லாபம்தானே? இரண்டு பக்கமும் சலுகை வாங்கிக்கொண்டு நடுவில் நிம்மதியாக இருந்திருக்கலாமே?

அன்புடன்,
கே.ஆர்.

அன்புள்ள கே.ஆர்.,

கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தார்கள். 2011இல் ரஷ்யாவும் முன்னாள் சோவியத் நாடுகளும் சேர்ந்து போட்ட தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் உக்ரைனும் கையெழுத்திட்டது. அதே சமயம் ஐரோப்பாவுடனும் பேசிக்கொண்டிருந்தது. தடையற்ற வணிக ஒப்பந்தம் என்பது தமக்குள் மட்டும் வரியைக் குறைத்துக்கொள்வது, அதை எத்தனை பேரோடு வேண்டுமானாலும் போடலாம்.

சிக்கல் சுங்க ஒன்றியத்தில் வந்தது. அதில் சேர்பவர்கள் வெளியாருக்கு ஒரே இறக்குமதி வரிதான் வைக்க வேண்டும். சேர்ந்த பிறகு தனியாகப் போய் இன்னொருவரிடம் வரியைக் குறைக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. பெலாரஸும் கஜகஸ்தானும் ஏற்கெனவே இருந்த அந்த ஒன்றியத்துக்குத்தான் ரஷ்யா அழைத்தது. அதிலும் இருந்துகொண்டு எங்களிடமும் வர முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸும் சொல்லிவிட்டது. சட்டப்படி சரிதான். ஆனால் இந்த நாடுகள் ரஷ்யாவுக்கு விற்றுவந்த சரக்கின் கதி என்ன என்று ஐரோப்பா போதுமான அளவு யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அப்புறம், விற்பவருக்கு லாபம் என்ற உங்கள் கணக்கு. 2006 மார்ச்சில் ரஷ்யா ஜார்ஜிய ஒயினையும் மால்டோவா ஒயினையும் ஒன்றாகத் தடை செய்தது. பூச்சிக்கொல்லி, கன உலோகம் என்று காரணம் சொன்னார் தலைமைச் சுகாதார அதிகாரி கென்னாடி ஒனிஷ்செங்கோ. மே மாதம் ஜார்ஜியாவின் போர்ஜோமி தாதுநீருக்கும் அதே கதி. மால்டோவா ஒயின் இல்லாவிட்டால் மாஸ்கோ கடையில் வேறு புட்டி வந்து உட்கார்ந்துவிடும். மால்டோவாவுக்கு அப்படியா? இரண்டு நாடுகளும் ஏற்றுமதி ஒயினில் பெரும்பகுதியை ரஷ்யாவுக்குத்தான் அனுப்பின. திராட்சைக் கொடி நட்டால் ஒழுங்காகக் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். ரஷ்யர்கள் விரும்பிக் குடிக்கும் அரை இனிப்புச் சிவப்பு ஒயினுக்குப் பழகிய தோட்டத்தை ஒரே பருவத்தில் இன்னொரு நாட்டு நாக்குக்கு மாற்ற முடியாது. போன வருடத்து ஒயின் தொட்டியில் நிற்கும்போதே இந்த வருடத்துப் பழம் கொடியில் பழுக்கிறது. பறிக்காமல் விட முடியுமா? பறித்தால் எங்கே கொட்டுவது?

2013இல் இது எல்லாப் பக்கமும் நடந்தது. ஜூலையில் உக்ரைனின் ரோஷென் சாக்லேட்டுக்குத் தடை. ஆகஸ்டில் உக்ரைன் சரக்கு லாரிகள் எல்லையில் நாள்கணக்கில் சோதனைக்காக நின்றன. ஐரோப்பாவுடன் பேச்சை முடித்திருந்த ஆர்மீனியா, செப்டம்பர் 3 அன்று சுங்க ஒன்றியத்தில் சேர்வதாக அறிவித்தது. பாதுகாப்புக்கு ரஷ்யாவை நம்பியிருந்த நாடு அது, வேறு என்ன செய்யும்? அடுத்த வாரமே மால்டோவா ஒயினுக்கு மறுபடி தடை. நவம்பர் 21 அன்று உக்ரைன் அரசு ஐரோப்பிய ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது.

நீங்கள் சொல்லும் சலுகையும் வந்தது. டிசம்பரில் உக்ரைனுக்கு 1,500 கோடி டாலர் கடன் தருவதாக ரஷ்யா சொன்னது. ஆயிரம் கனமீட்டர் எரிவாயுவின் விலை சுமார் 400 டாலரிலிருந்து 268.5 டாலராக இறங்கியது. அதற்குள், ஐரோப்பிய ஒப்பந்தத்தை நிறுத்தியதை எதிர்த்து, உக்ரைன் தலைநகர் கீவின் மக்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். 2014 பிப்ரவரியில் ஆட்சி மாறியது, ஏப்ரலில் எரிவாயு விலை மறுபடி ஏறிவிட்டது. கொடுத்த கை இழுத்துக்கொள்ளவும் முடிகிற ஒன்றைச் சலுகை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தடைகளுக்குப் பிறகு இரண்டு ஒயின் நாடுகளும் இரண்டு வழியில் போயின. ஐரோப்பிய ஒன்றியம் 2014 தொடக்கத்தில் மால்டோவா ஒயினுக்கு வரி இல்லாமல் கதவைத் திறந்தது. இன்று அந்த ஒயினில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. ஜார்ஜியா மீதான தடையை ரஷ்யா 2013இல் விலக்கியது. இடைப்பட்ட ஏழு வருடங்களில் தரத்தை உயர்த்தி, புதிய நாடுகளில் வாங்குபவர்களைத் தேடிப் பிடித்திருந்தார்கள் ஜார்ஜியர்கள். ஆனாலும் அவர்களுடைய ஒயினுக்கு இன்று மறுபடி மிகப் பெரிய சந்தை ரஷ்யாதான். அந்தத் தோட்டக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே பழகிய வாடிக்கையாளர் பணத்தோடு நிற்கிறார், விற்கிறார்கள். 2006ஐ நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.