அம்மிச்சியின் படம் போட்ட நோட்டீஸ்

(நாட்டு மருந்துக் கடை கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு மூட்டுவலி மூலிகைத் தைலம் விற்கிறார்கள். கூடவே தரும் நோட்டீஸில் இருபது பேர், படத்தோடு, "எனக்குக் குணமாகிவிட்டது" என்கிறார்கள். அத்தனை பேருமா பொய் சொல்வார்கள்? மருந்துக் கடை வைத்திருக்கும் நீங்களே சொல்லுங்க.
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: பொய் சொல்ல வேண்டியதே இல்லைங்க. எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, பொய் சொல்லவில்லை.

அவருக்குக் கோபிப் பக்கம் தோட்டம். தை பிறந்தால் மஞ்சள் வெட்டு. குனிந்தே கிடந்து கிழங்கு பொறுக்கி, வேகவைத்து, காயப்போட்டு முடிப்பதற்குள் பங்குனி வந்துவிடும், முழங்கால் இரண்டும் வீங்கிவிடும். ஒரு வருஷம் பங்குனியில் யாரோ சொல்லி ஒரு தைலம் வாங்கித் தேய்த்தார். சித்திரையில் வலி போய்விட்டது. வேலை ஓய்ந்த மாதம் அது. தைலம் இல்லாத வருஷங்களிலும் சித்திரையில் அவருக்கு வலி குறைந்துதான் இருக்கிறது. கையில் பாட்டில் இருக்கும்போது அது யாருக்கு ஞாபகம் வரும்? "எழுது கண்ணு" என்று என்னிடம்தான் சொன்னார். எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான் தபால் அட்டையில் குண்டு குண்டாக எழுதினேன். ஆட்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள்.

அடுத்த தையில் வலி திரும்ப வந்தது. அதையும் எழுதிப் போட்டோம். அந்த இரண்டாவது கடிதம் எந்த நோட்டீஸிலும் வரவில்லை. அம்மிச்சி காலமாகி நான்கு வருஷம் கழித்து, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் என் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். அதில் அம்மிச்சி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, "இன்றும் வலியில்லாமல் தோட்ட வேலை பார்க்கிறேன்" என்று அச்சாகியிருந்தது. அந்தத் தாளை இன்னமும் கடை மேஜைக்குள் வைத்திருக்கிறேன்.

இது புது வழக்கம் இல்லை. விக்டோரியா ராணி காலத்திலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதை ஒரு பெரிய தொழிலாக வளர்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் லிடியா பிங்க்கம் என்ற அம்மா 1875-இல் பெண்களுக்கான மூலிகை டானிக் ஒன்றை விற்கத் தொடங்கினார். சில வேர்கள், நம் வெந்தயம், கூடவே நூற்றுக்குப் பதினெட்டு பங்குக்குக் குறையாத சாராயம். லேபிளில் அவர் முகம். பத்திரிகைகளில் குணமான பெண்களின் கடிதங்கள், பக்கத்திலேயே "உங்கள் குறையைத் திருமதி பிங்க்கமுக்கு எழுதுங்கள்" என்ற அழைப்பு. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டதையெல்லாம் பெண்கள் அந்த முகத்தை நம்பி எழுதினார்கள். அவர் 1883-இல் இறந்துவிட்டார். அழைப்பு மட்டும் நிற்கவில்லை. 1905-இல் ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்லறைக் கல்லைப் படம் பிடித்து வெளியிட்ட பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. இதை முதன்முதலில் படித்த அன்று மேஜையைத் திறந்து அம்மிச்சியின் தாளை எடுத்துப் பார்த்தேன்.

இப்படி விற்ற மருந்துகளுக்குப் 'பேடன்ட் மருந்து', அதாவது காப்புரிமை மருந்து என்று பெயர். பெரும்பாலானவற்றுக்குப் பேடன்ட் கிடையாது. பேடன்ட் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே! அப்புறம், இங்கிலாந்தில் அந்தப் பெட்டிகள்மேல் அரசாங்க வரி முத்திரை ஒட்டியிருக்கும். வரி கட்டியதற்கான அடையாளம்தான் அது. வாங்கியவர்கள் அரசாங்கமே கொடுத்த உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பாட்டிலில் உணவு உரிமத்தின் பதினான்கு இலக்க எண்ணைக் காட்டி "கவர்மென்டே ஒத்துக்கிட்டதுங்க" என்று என் கடையில் வாதாடுகிறவர்கள் உண்டு. அது தயாரித்து விற்க அனுமதி. நோய் தீரும் என்ற சான்று அதில் இல்லை.

பீச்சம் மாத்திரை இன்னொன்று. "பெட்டி ஒரு கினி பெறும்" என்பது அதன் விளம்பர வாசகம். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். பித்தம், தலைசுற்றல், கெட்ட கனவு வரை எல்லாம் போகும் என்றார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் ஆராய்ந்து 1909-இல் வெளியிட்டபோது உள்ளே இருந்தவை மூசாம்பரம், இஞ்சி, சோப்பு. 56 மாத்திரைக்கான சரக்கின் விலை அரை ஃபார்திங் (நான்கு ஃபார்திங் ஒரு பென்னி, பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங்). விற்ற விலை 54 ஃபார்திங். மூசாம்பரம் என் கடையிலும் இருக்கிறது, எடை போட்டுத்தான் தருகிறேன். கற்றாழைப் பால் காய்ந்தது, வயிற்றை இளக்கும். கனவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, உங்கள் தைலத்துக்கு வருகிறேன். அந்த இருபது பேரை நம்புங்கள். ஆனால் விற்றது இருபது பாட்டில்தானா என்று யோசியுங்கள். ஆயிரம் விற்றிருந்தால் மற்ற 980 பேர் எங்கே? உள்ளே என்னென்ன, எவ்வளவு என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம். சாதாரண நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாலும் இதமாகத்தான் இருக்கும்.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். கார்லில் என்ற பழைய இங்கிலாந்து வழக்கில் வரும் 'புகைப் பந்து' உண்மையில் என்ன?
– ஒரு மாணவர், கோயமுத்தூர்

பதில்: கார்பாலிக் என்ற கிருமிநாசினிப் பொடி அடைத்த ரப்பர் பந்து. குழாயை மூக்கில் வைத்து அமுக்க வேண்டும். மூலிகை இல்லைதான், ஆனாலும் விற்ற விதம் ஒன்றே. இரண்டு வாரம் தினமும் மூன்று வேளை பயன்படுத்தியும் இன்ஃபுளூயன்சா வந்தால் 100 பவுண்ட் தருவோம், 1000 பவுண்டை பேங்கில் போட்டிருக்கிறோம் என்று 1891-இல் விளம்பரம். கார்லில் அம்மா சொன்னபடியே செய்தார், காய்ச்சல் வந்தது, வழக்குப் போட்டு வென்றார். உங்கள் பாடம் இங்கே முடிந்துவிடும். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். கம்பெனி அடுத்த விளம்பரத்தில், ஆயிரக்கணக்கில் விற்றும் மூன்றே பேர்தான் பணம் கேட்டார்கள், எனவே மற்ற எல்லோருக்கும் பலித்தது என்று அச்சடித்தது! காய்ச்சல் வந்தும் பேசாமல் இருந்தவர்களை எல்லாம் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: டிவியில் ஒரு நடிகர் சொன்ன மூலிகைச் சூரணத்தை நம்பி என் மாமனார் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். பெரிய ஆள் சொன்னால் தப்பாக இருக்காது என்கிறார்.
– ஒரு வாசகி, காங்கயம்

பதில்: கோக்கா இலையை ஊற வைத்த மரியானி ஒயினுக்குப் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ தங்கப் பதக்கமே கொடுத்தார். அவர் படத்தைப் போட்டே விற்றார்கள். அதில் இருந்தது கொக்கேயின் என்ற போதைப்பொருள். மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு என்பதையும் சொல்லுங்கள். ஆனால் பேச்சு அப்புறம். நாளைக் காலையே வெறும் வயிற்றில் ரத்தம் பரிசோதித்து, சூரண டப்பாவையும் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரை அவருடைய டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதிகத் தாகமோ, வாந்தியோ, மயக்கமோ இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், இன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.