பழிவாங்கும் ஆவியும் சீனிப்பாகும்

கேள்வி: சக மாணவர்களின் வதையால் இறந்தவன் ஆவியாக வந்து பழிவாங்கும் குறும்படத்தைக் கைபேசியில் எடுக்கப்போகிறோம். இரத்தம், நகரும் கதிரை, இரவுக் காட்சி மூன்றையும் குறைந்த செலவில் எப்படிச் செய்வது?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் வதைக் காட்சிகளை நிதானமாக எடுங்கள். அந்தப் பிள்ளையின் வலி பதியாவிட்டால் ஆவிக்கு யாரும் பயப்படமாட்டார்கள்.

இரத்தத்துக்கு, இரண்டு கோப்பை சீனியை ஒரு கோப்பை தண்ணீரில் காய்ச்சி, சில துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். இல்லாவிட்டால் பாகு கற்கண்டாக உறையும். ஆறியதும் சிவப்புக் கலரிங் ஒரு தேக்கரண்டி, கொக்கோத் தூள் அரைத் தேக்கரண்டி சேருங்கள். கொக்கோவை விட்டால் சர்பத் போலத்தான் தெரியும். வெள்ளைச் சீருடையில் கறை லேசில் போகாது. பழைய சட்டை இரண்டு வைத்துக்கொண்டு, இரத்தக் காட்சியைக் கடைசியில் எடுங்கள்.

கதிரையைத் தங்கூசியால் (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) இழுக்கலாம். வெளிச்சம் பட்டால் நூல் மினுங்கும்; தரையோடு, நிழலுக்குள் கொண்டுபோங்கள்.

வெளிப்புற இரவை நடுச்சாமத்தில் எடுக்கவேண்டாம். பொழுதுபட்டு 15–20 நிமிடத்தில் வானம் நீலமாக நிற்கும், அதுவே போதும். அறைக்குள் மின்குமிழ் எரிந்தால், கமெராவின் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/50 அல்லது 1/100 செக்கனில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 தடவை அலைவது என்பதால் மற்ற வேகங்களில் படத்தில் பட்டைகள் ஓடக்கூடும். கல்லடிக் கடற்கரையில் எடுத்தால் அலை பேச்சை விழுங்கிவிடும். வசனத்தை வீட்டில் தனியே பதியுங்கள்.